பெரியவளின் காது

ஆஸ்பத்திரி லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்க ரெண்டு ஆள் வேண்டும். ஒருத்தரே மடித்தால் துணி தரையில் புரளும், அப்புறம் மறுபடியும் துவைக்கப் போட வேண்டியதுதான். ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, நீளவாக்கில் பாதியாக்கி, அப்படியே எதிரும் புதிருமாக நடந்து வந்து, ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு முனையைக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறபோது மூக்கும் மூக்கும் இடிக்காத குறைதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே வேலை. பிடிக்காத ஆளோடு ஜோடி சேர்ந்துவிட்டால் அன்றைக்கு நரகம்.

அங்கே அக்கா தங்கையாகவே ஒரு ஜோடி இருந்தது. இரட்டைப் பிள்ளைகள். கொஞ்சம் முந்திப் பிறந்தவள் பெரியவள், பிந்தியவள் சின்னவள். பெற்றவளே அப்படித்தான் கூப்பிட்டாள், அதனால் தெருவும் அப்படியே கூப்பிட்டது. கண், மூக்கு, மோவாய், சிரித்தால் இடது கன்னத்தில் விழுகிற குழி, எல்லாம் அச்சு அசல். குரல் வேறே. பார்வைக்குக் காதுதான் வேறே. சின்னவளுக்குக் காது இருக்கிற இடமே தெரியாது, தலையோடு சேர்ந்து ஒழுங்காக இருக்கும். பெரியவளுக்கு ரெண்டு காதும் கதவைத் திறந்து வைத்த மாதிரி வெளியே விரிந்து நிற்கும். வெயில் பின்னாலிருந்து அடித்தால் சிவப்பாகத் தெரியும்.

எல்லாரும் அதை வைத்துத்தான் ஆள் பார்த்தார்கள். பள்ளிக்கூட டீச்சர், கடைக்காரர், பஸ் கண்டக்டர், யாராக இருந்தாலும் முதலில் கண் காதுக்குத்தான் போகும். "ஓ, நீ காதா? அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். மனுஷியைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? ஆனால் சொன்னவர்களுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. செல்லமாகச் சொல்கிறார்களாம்.

அம்மா வேறு ஒரு கதை கட்டி வைத்திருந்தாள். "வயித்துக்குள்ள இடம் பத்தல. சின்னவ காலை நீட்டி நீட்டிப் பெரியவ காதை மிதிச்சுட்டா. வெளிய வந்து பாத்தா ரெண்டும் வளைஞ்சு போச்சு." டாக்டர் யாரும் இப்படிச் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் அதுதான் சட்டம். சண்டை வந்தால் பெரியவள் கடைசியாக எடுத்து வீசுகிற ஆயுதம் அதுதான்: "பொறக்கறதுக்கு முன்னாடியே என்னை மிதிச்சவதானே நீ!" சின்னவள் சிரித்து உருண்டு, "சரிடி, உன் காலைக் குடு, நீயும் என் காதை மிதி, கணக்குத் தீந்துடும்" என்று தரையில் தலையை வைத்துப் படுத்துவிடுவாள். அவளிடம் கோபப்படவே முடியாது.

வெளியே போகும்போது பெரியவள் முடியைக் காதின் மேல் இழுத்துவிட்டு ரெண்டு பக்கமும் கிளிப் குத்திக்கொள்வாள். காற்று அடித்தால் கை தானாக மேலே போகும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார மாட்டாள். வேலையில்தான் வழியில்லை. ஆஸ்பத்திரித் துணியில் ஒரு முடி விழக்கூடாது என்று எல்லாரும் வலைத் தொப்பி போட்டாக வேண்டும். முடி மொத்தமும் உள்ளே, காது ரெண்டும் வெளியே. மேஸ்திரிக்கு அது பொழுதுபோக்கு. "ஆன்டெனா, இன்னைக்கு மழை வருமா? பாத்துச் சொல்லு" என்பார் தினமும். அவருக்கே அலுக்கவில்லை. பெரியவள் குனிந்துகொள்வாள். சின்னவள் விட மாட்டாள். "வந்தா என்ன மேஸ்திரி, உங்க வயித்துக்குக் கீழ நாங்க ஒதுங்கிக்கறோம்" என்று ஒரு போடு போடுவாள். லாண்டரியே சிரிக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உரித்து வைத்த மாதிரி இருக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னாலும், பெரியவள் அதை ஒரு நாளும் நம்பினதில்லை. சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். எதிரே துணியைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிற சின்னவள் அழகி. தான் காது. கண்ணாடியில் அவள் பார்த்ததெல்லாம் காதைத்தான். மீதி முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

சின்னவள் போனது காய்ச்சலில். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். தாங்கள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். அன்று மத்தியானம் கொஞ்சம் தெளிந்து பேசினாள். "இந்த ஆஸ்பத்திரிப் போர்வை குளுர் தாங்கலம்மா. நம்ம வீட்டுப் போர்வையை எடுத்துட்டு வா" என்றாள். அம்மா ஓடினாள். நீலக் கட்டம் போட்ட பழைய போர்வை, சின்ன வயசில் ரெண்டு பேரும் இழுத்துப் பிடித்துச் சண்டை போட்ட போர்வை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா திரும்பி வந்தபோது, கட்டிலில் தலையோடு கால் வெள்ளை விரிப்பு மூடியிருந்தது. பெரியவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, முகத்தைப் பாத்துக்கோ" என்று விரிப்பைத் தூக்கப் போனாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். "தூக்காதே. தூக்கினா நிஜமாயிடும்." எவ்வளவு சொல்லியும் பார்க்கவில்லை. எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் பார்க்கவில்லை. போர்வையைக் கடைசி வரை கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் அது பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

பெரியவள் வேலைக்குத் திரும்பியபோது, இஸ்திரி மெஷின் பார்த்துக்கொண்டிருந்த அக்காவை அவளுக்கு ஜோடியாக்கினார்கள். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த மனசு. முதல் நாள் விரிப்பை மடித்துக்கொண்டு எதிரே வந்தபோது இஸ்திரி அக்கா ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "மூக்கை இடிச்சுடாதடி, என்கிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான் சின்னதா" என்றாள். பெரியவள் அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தாள். மேஸ்திரியும் அந்தக் காலத்தில் மழை கேட்பதை விட்டிருந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வருஷங்கள் ஓடின. ஒரு நாள் ஆபரேஷன் தியேட்டர் துணிகளைக் கொடுக்கப் போன இடத்தில், ஒரு சின்னப் பெண் தலையைச் சுற்றிக் கட்டோடு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "என்ன பாப்பா, விழுந்துட்டியா?" என்று கேட்டாள் பெரியவள். "இல்ல, என் காதைச் சரி பண்ணிட்டாங்க" என்றது குழந்தை, புது ரிப்பன் வாங்கின தோரணையில். பெரியவளுக்குக் கையில் இருந்த துணி மூட்டை கனக்கவில்லை. அந்தத் துணிகளை இத்தனை வருஷமாகத் துவைக்கிறாள், உள்ளே இப்படி ஒன்று நடக்கிறது என்று தெரியாது.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா கிளிப்பை எடுக்கச் சொல்லி, காதை விரலால் தடவி, இப்படி அப்படி மடக்கிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் காதோட உள்பக்கம் ஒரு மடிப்பு இருக்கும், அதுதான் காதைத் தலையோட சேத்து வைக்கும். உங்களுக்கு அந்த மடிப்பு விழல. பின்பக்கமா கீறி, மடிப்பு வச்சுத் தையல் போட்டுடலாம். தழும்பு காதுக்குப் பின்னால, யாருக்கும் தெரியாது."

"மடிப்பு விழலையா?" பெரியவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "நாள் முழுக்க மடிக்கிறதுதான் டாக்டர் என் வேலை." டாக்டரம்மாவும் சிரித்துவிட்டாள். குழந்தைகளுக்குச் செய்வது போல லேசாக இருக்காது, பெரியவர்களுக்குக் குருத்தெலும்பு கெட்டிப்பட்டிருக்கும், வீக்கம் இருக்கும், ராத்திரியில் கொஞ்ச காலம் காதின் மேல் பட்டை கட்டிக்கொண்டு தூங்க வேண்டும், ரெண்டு காதும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல வரும் என்று சத்தியம் செய்ய முடியாது, எல்லாம் சொன்னாள். பெரியவள் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம், அம்மா கையிலிருந்த தம்ளரைத் தரையில் வைத்தாள். "வேற என்ன வேணாலும் பண்ணிக்கோ. காதுல மட்டும் கை வைக்காதே."

"ஏம்மா?"

"வேணாம்னா வேணாம். அது உன் தங்கச்சி மிதிச்ச காது. அவ விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்."

பெரியவளுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "அவ மிதிச்சா, சுமந்தது நான்தானே? ஸ்கூல்ல சுமந்தேன், பஸ்ல சுமந்தேன், அந்த மேஸ்திரிகிட்ட சுமந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், முடியைத் தூக்கி முடிஞ்சுக்கிட்டு ரோட்டுல நடக்கணும்மா எனக்கு. அது கூடவா கூடாது?"

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. மறுநாள் காலையில், "எப்பன்னு சொல்லு, கூட வரேன்" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஆபரேஷன் காதை மட்டும் மரத்துப்போக வைத்துத்தான். வலியில்லை, ஆனால் சத்தம் இருந்தது. சுரண்டுவதும் நூல் இழுப்பதும் மண்டைக்குள்ளேயே கேட்டது. பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு, 'ஏய் சின்னவளே, நீ மிதிச்சதை நிமித்துறாங்கடி, கோச்சுக்காதே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மேலே போர்த்தியிருந்த பச்சைத் துணியின் மடிப்பு தன் கை மடித்ததுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. தப்பாக மடித்திருந்தால் அந்தத் தப்பையே நினைத்துக்கொண்டு, சத்தத்தை மறந்து நிம்மதியாகப் படுத்திருப்பாள். சரியாகத்தான் இருந்தது.

தலையைச் சுற்றிக் கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில் அம்மா பார்த்துக்கொண்ட மாதிரி ராணியைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டுப் பிரிக்கிற அன்றைக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஆனால் பெரியவளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "முன்னால வந்து பாருங்கம்மா, உங்க பொண்ணு எப்படி இருக்கான்னு" என்றாள் டாக்டரம்மா. "இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றாள் அம்மா. தையல் போட்ட இடத்தில் தினமும் மருந்து தடவ வேண்டும், அந்த இடம் பெரியவளுக்குக் கண்ணில் படாது. அதனால் அம்மாதான் தடவினாள். பின்னால் உட்கார்ந்து, முடியை விலக்கி, பூப்போல் தடவிவிட்டு, அப்படியே பின்பக்கமாகவே எழுந்து போய்விடுவாள். சாப்பாடு வைக்கும்போதும் தட்டைத்தான் பார்ப்பாள். கோபம் இன்னும் தீரவில்லை என்று பெரியவள் நினைத்தாள். இருக்கட்டும், நாமும் விட்டுக் கொடுப்பதாக இல்லை என்று இவளும் முறைப்பாகவே இருந்தாள்.

வீக்கம் வற்றியதும் வேலைக்குக் கிளம்பினாள். அன்றைக்கு அவள் சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! முடியை வாரித் தூக்கி உச்சியில் கொண்டை போட்டாள். கண்ணாடியில் இடது காது, வலது காது, மறுபடி இடது காது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் வேண்டுமென்றே ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். காற்று அடி அடி என்று அடித்தது, கை மேலே போகவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

கேட்டில் வாட்ச்மேன் தாத்தா டீ குடித்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே போட்டுவிட்டார். பேயறைந்த மாதிரி எழுந்து நின்று, "சின்னவளே..." என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "ஐயோ, நீயாம்மா, வயசாச்சு எனக்கு, ஒண்ணும் நினைச்சுக்காதே" என்று நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போனாள். மேஸ்திரி அவளைப் பார்த்ததும் திரும்பித் துணி எண்ணப் போய்விட்டார். பெண்கள் எல்லாம் "நல்லா இருக்குடி" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இஸ்திரி அக்காவும் அவளும் முதல் விரிப்பை எடுத்தார்கள். உதறினார்கள். பாதியாக்கினார்கள். நடந்து கிட்டே வந்தார்கள். முனையை வாங்கப் பெரியவள் கையை நீட்டினாள். இஸ்திரி அக்கா கொடுக்கவில்லை. விரிப்பு அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்னக்கா? என்ன ஆச்சு உங்களுக்கு எல்லாம்?"

"நீ வீட்டுல கண்ணாடியே பாக்கலையாடி?"

"பாத்தேனே. காது நல்லாத்தானே வந்திருக்கு?"

"காதை விடுடி பைத்தியக்காரி. முகத்தைப் பாரு. ஒரு தடவை முழுசாப் பாரு."

கை கழுவுகிற இடத்தில் ஒரு கண்ணாடி உண்டு, மூலையில் ரசம் போனது. பெரியவள் போய் நின்றாள். வலைத் தொப்பி. அதற்குக் கீழே சின்னவள். எதிரே துணியைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிற அதே சின்னவள், இன்னும் கொஞ்சம் வயசானவளாக. பெரியவள் கன்னத்தைத் தொட்டாள், அவளும் தொட்டாள். அச்சு அசல் என்று ஊர் சொன்னது பொய்யில்லை. இத்தனை வருஷமாக அழகி அழகி என்று தான் பார்த்து ஏங்கின முகம் தன் கழுத்தின் மேலேயே இருந்திருக்கிறது. அது தெரிய வந்த நேரத்தில் அந்த முகத்துக்காரி இல்லை. அழக்கூட வரவில்லை அவளுக்கு.

அப்போதுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. பின்னால் நின்ற அம்மா. பின்பக்கமாகவே எழுந்து போன அம்மா.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கொண்டையை அவிழ்த்து, முடியைப் பழையபடி காதின் மேல் இழுத்துவிட்டுக் கிளிப் குத்தியிருந்தாள். மறைக்கக் கூடாது என்று இத்தனை பாடு பட்டவள், மறுபடியும் மறைத்துக்கொண்டு வந்தாள். அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொடியில் நீலக் கட்டம் போட்ட போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. பீரோவிலிருந்து அதை எடுத்துத் துவைத்திருக்கிறாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

"என்னம்மா இது?"

"வீட்டுல ஒண்டியா உக்காந்திருக்க முடியல. கை சும்மா இருக்க மாட்டேங்குது." அம்மா போர்வையை உருவினாள். பெரியவள் தானாகவே மறுமுனையைப் பிடித்தாள். பழக்கம். ரெண்டு பேரும் உதறினார்கள். அம்மா போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா. நான் அவ மாதிரி ஆயிடுவேன்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்ப அதைச் சொல்லியிருக்கலாம் இல்ல? காதை மிதிச்சா கீதிச்சான்னு..."

"எப்படிச் சொல்லுவேன்? உன் முகத்தை என்னால பாக்க முடியாதுன்னு பெத்த பொண்ணுகிட்ட எந்த வாயால சொல்றது?" அம்மாவின் குரல் உடைந்தது. "காதைப் பாத்ததும் நீன்னு தெரியும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாள் ஓட்டினேன். உனக்கு அது பாரம்னும் தெரியும். அதான் வேணாம்னும் சொல்ல முடியல, சரின்னும் சொல்ல முடியல."

பெரியவள் கோபப்படத் தயாராகத்தான் வந்திருந்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. போர்வையைப் பாதியாக்கினார்கள். நடந்து கிட்டே வந்தார்கள். முனையைக் கொடுக்கிற இடத்தில் அம்மா நின்றுவிட்டாள். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"முடியைத் தூக்கிக் கட்டு."

"வேணாம்மா."

"கட்டுடி."

பெரியவள் கிளிப்பை எடுத்து, முடியை வாரி உச்சியில் முடிந்தாள்.

"ஒரு நிமிஷம் பேசாம நில்லு. உன் குரல் வேற. பேசினா நீ வந்துடுவே."

பெரியவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஆணி அடித்தது போல நின்றாள். அம்மா அவள் நெற்றியில் தொடங்கி, புருவம், மூக்கு, மோவாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அன்றைக்கு விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் விட்டதையெல்லாம் இன்றைக்குப் பார்த்தாள். ஈரம் காயாத போர்வையை ரெண்டு கையாலும் எடுத்து அந்தத் தோளில் போர்த்தினாள்.

"போர்வை எடுத்துட்டு வரதுக்குள்ள என்னடி அவ்வளவு அவசரம் உனக்கு?" என்றாள். "ஓடித்தான்டி வந்தேன். செருப்புக்கூடப் போடாம ஓடி வந்தேன்."

பெரியவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. தங்கச்சிக்கு இந்த ஒரு உதவியாவது செய்ய வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அந்தக் கன்னத்தை ரெண்டு கையாலும் பிடித்து, சொல்லாமல் விட்டதை எல்லாம் சொல்லி, திட்டி, கொஞ்சி, கடைசியில், "சரி, நீ போ. போயிட்டு வா" என்றாள்.

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

"பெரியவளே, பேசு."

"என்ன பேச?"

"எதையாவது பேசு."

பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். "ஈரப் போர்வையைப் போத்திட்டியேம்மா, குளுருது."

அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். போர்வையை உருவிக் கொடியிலேயே போட்டாள். பிறகு பெரியவளின் காதுக்குப் பின்னால் விரலை விட்டு, தையல் தழும்பைத் தடவிப் பார்த்தாள். அது சின்னவளுக்கு இல்லாதது.

"இன்னைக்கு மருந்து போடலையே?"

"நீ எங்க போட்டே?"

"வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு அம்மா பின்னால் உட்காரவில்லை. எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே, கையை மட்டும் பின்னால் நீட்டி மருந்து தடவினாள்.